ஆபரேஷனுக்குப் பிறகும் கேட்ட பொட்டலம்

பாகூர் பக்கம் ஒரு சின்ன ஆஸ்பத்திரியில் மாத்திரை கொடுக்கிற ஜன்னலுக்குப் பின்னால் உட்கார்ந்திருப்பவன் நான். வெளியிலிருந்து பார்த்தால் என் வழுக்கை மட்டும்தான் தெரியும். வருகிறவர்களைச் சிரிக்க வைத்து அனுப்புவேன். மருந்து தீர்ந்துபோன நாட்களில் அது ஒன்றுதான் என் கையிருப்பு. ஆணுறைப் பெட்டி முன்பு வாசலில் தொங்கியது. வைத்ததும் காலியாகிறதே என்று உள்ளே தூக்கி வந்து பூட்டி, சாவியை அரைஞாண் கயிற்றில் கட்டிக்கொண்டேன். கோயில் நகைப்பெட்டி பாருங்கள்!

ஆணுறை கேட்டு மாசம் தவறாமல் வந்த ஒரே பெண், ஒரு லாரி டிரைவரின் மனைவி. வெளிமாநில லோடு ஏற்றிக்கொண்டு கிளம்பினால் அவர் திரும்ப இருபது நாளாகும். கூட்டம் இல்லாத நேரமாகப் பார்த்து வந்து, “ணா, அது” என்பாள். பேப்பரில் மடித்துக் கொடுப்பேன்.

இரண்டாவது குழந்தை பிறந்ததும் கருத்தடை ஆபரேஷன் செய்துகொண்டாள். மூன்று மாதம் கழித்து மறுபடி ஜன்னலில் நின்றாள். “ணா, அது.” அன்றைக்குப் பார்த்து அவளுக்குப் பின்னால் நீளமான வரிசை. எனக்கு ஆள் கூட்டம் கண்டால் வாய் நிற்காது.

“ஆபரேஷன்தான் ஆயிடுச்சேம்மா, இன்னும் இன்னாத்துக்கு? கடைய இழுத்து மூடிட்டு வாசல்ல வாட்ச்மேன் வேறயா?”

வரிசை மொத்தமும் சிரித்தது. அவளும் சிரித்தாள். “பழக்கதோஷம்ணா” என்று சொல்லிவிட்டு வெறுங்கையோடு போனாள். அந்த ஜோக்கை நர்ஸம்மாவிடம் சொல்லி, டீக்கடையிலும் ஒருமுறை சொல்லி, தொப்பை குலுங்கச் சிரித்தேன்.

இரண்டு வருஷம் அவளைக் காணோம். பிறகு விடாத காய்ச்சலோடு வந்தாள். பாதியாக இளைத்திருந்தாள். ரத்தப் பரிசோதனையில் எச்ஐவி என்று வந்தது. அதை அவளே வந்து ஜன்னலில் சொன்னாள்.

“அவரு வெளிய போற எடம்லாம் எனக்குத் தெரியும்ணா. வயித்துல இன்னொன்னு தங்கிடும்னு பயங்காட்டித்தான் அத போட வெச்சேன். ஆபரேஷனுக்கப்புறம் இன்னா சொல்றது? ‘எம்மேல சந்தேகமாடி’ன்னாரு. அன்னிக்கி நீ குடுத்திருந்தா, ஆஸ்பத்திரில இன்னும் போடச் சொல்றாங்கன்னு சொல்லியிருப்பேன்.”

அவள் சீட்டை வாங்கிக் காய்ச்சல் மாத்திரையை எண்ண ஆரம்பித்தேன்.

“இப்ப மாமியாரு கேக்குது, எங்கேர்ந்துடி வாங்கினு வந்தன்னு.”

ஆபரேஷன், காப்பர்-டி, ஊசி எல்லாம் பிள்ளையைத்தான் தடுக்கும். இந்தக் கிருமியைத் தடுக்காது. ஆணுறைதான் இரண்டையும் தடுக்கும். என் தலைக்கு மேலேயே அந்தப் போஸ்டர் இருக்கிறது. பசை தடவி ஒட்டியவனும் நான்தான்.

பெட்டி இப்போது பழையபடி வாசலில் தொங்குகிறது. ஆபரேஷன் முடிந்து வரும் பெண்களுக்குக் கேட்காமலேயே ஒரு பொட்டலம் கொடுக்கிறேன். “எனக்குத்தான் பண்ணியாச்சேண்ணா” என்பார்கள். “டாக்டர் கண்டிப்பா போடணும்னாரு. வூட்டுக்காரர்கிட்ட அப்படியே சொல்லு” என்பேன். எந்த டாக்டரும் என்னிடம் அப்படிச் சொன்னதில்லை.

அவள் மாசாமாசம் மாத்திரைக்கு டவுன் பெரியாஸ்பத்திரிக்குப் போகிறாள். பஸ் ஸ்டாப்பில் என்னைப் பார்த்தால் லேசாகச் சிரிப்பாள், அன்றைக்கு வரிசையில் சிரித்த மாதிரியே. நான் பஸ் வருகிறதா என்று எட்டிப் பார்ப்பதுபோல் திரும்பிக்கொள்வேன்.