குடும்ப உறுப்பினர்கள்: நான்கு பேர்

கம்பெனியில் அவனுக்கு மேல்மாடி என்று பெயர். லிஃப்ட் மெக்கானிக். எந்தக் கட்டடத்துக்குப் போனாலும் உச்சியிலிருக்கும் மோட்டார் அறையில்தான் அவனைத் தேட வேண்டும், அதனால் வந்த பெயர் என்று அவன் சொல்லிக்கொள்வான். மேல்மாடி காலி என்பதால் வந்த பெயர் என்று கூட வேலை செய்கிறவர்கள் சொல்வார்கள். இரண்டுக்கும் ஆதாரம் இருந்தது.

நாற்பத்திரண்டு வயது வரை வாடகை வீடுதான். ஒரு சலவைக் கடையின் மேலே இரண்டு அறை. கீழே இஸ்திரி ஓடத் தொடங்கினால் மேலே தரை சுடும். அதில் அவன், அவன் மனைவி, இரண்டு பெண் பிள்ளைகள், அவனுடைய அக்கா. அக்கா அவனைவிட ஒன்பது வயது மூத்தவள். பெற்றவர்கள் போன பிறகு அவனைத் தொழிற்பள்ளியில் சேர்த்து, கட்டணம் கட்டி, ஃபெயிலான பாடத்துக்கு மறுபடியும் கட்டணம் கட்டி, ஆளாக்கியவள் அவள்தான். கல்யாணம் வேண்டாம் என்று அவளே சொல்லிவிட்டதாகச் சொந்தக்காரர்கள் எல்லோரும் சொல்வார்கள். அவளிடம் யாராவது கேட்டார்களா என்று மட்டும் ஒருவருக்கும் ஞாபகமில்லை.

பெரிய ஆஸ்பத்திரியின் தையல் பிரிவில் அவளுக்கு வேலை. கிழிந்த படுக்கை விரிப்புகளைத் தைத்துத் தைத்துக் கண்ணாடியின் பவர் ஏறிக்கொண்டே போனது. வீட்டில் முன்னறையில் ஒரு மடக்குக் கட்டில் அவளுக்கு. காலையில் அதை மடித்துக் கதவுக்குப் பின்னால் நிறுத்திவிட்டால், அங்கே ஒருத்தி பதினான்கு வருஷமாகப் படுத்து எழுகிறாள் என்பதற்குத் தடயமே இருக்காது.

அந்தத் திட்டத்தைப் பற்றி வீட்டுக்குச் செய்தி கொண்டுவந்தவளும் அவள்தான். ஆஸ்பத்திரி நோட்டீஸ் போர்டில் பார்த்துத் தன் கையாலேயே எழுதி எடுத்து வந்திருந்தாள்.

“டேய், இதப் படி. புறநகர்ல முதல் வீடு வாங்கறவங்களுக்கு முன்பணத்துல பெரும்பகுதி வீட்டு வசதி ஆபீஸே குடுக்கறாங்களாம். பத்து வருஷம் அந்த வீட்லயே குடியிருந்தா திருப்பித் தரவே வேணாமாம். மிச்சத்துக்கு பேங்க் லோன். நீ இத்தன வருஷமா முன்பணம் இல்ல, முன்பணம் இல்லன்னு மூக்கால அழுதியே, இப்ப என்ன சொல்ற?”

அவன் அந்தத் தாளை மடித்துச் சட்டைப் பையில் வைத்துக்கொண்டான். அடுத்த ஞாயிற்றுக்கிழமையே எல்லோரும் வீடு பார்க்கப் போனார்கள். கடைசி பஸ் நிறுத்தத்தில் இறங்கிப் பத்து நிமிஷ நடை. ஒரே அச்சில் வார்த்தது மாதிரி வரிசையாக வீடுகள், ஒவ்வொன்றிலும் மூன்று அறைகள். அவனும் மனைவியும் சுவரைத் தட்டிப் பார்த்துக்கொண்டிருந்தபோது, அக்கா எல்லாக் குழாயையும் திறந்து பார்த்தாள், அலமாரிக்குள் தலையை விட்டு மோந்து பார்த்தாள், விற்பனைக்காரனைக் கேள்வி கேட்டே வியர்க்க வைத்தாள். கடைசியில் பின்பக்கம் இருந்த சின்ன அறையின் நடுவில் போய் நின்றுகொண்டாள்.

“இது எனக்கு. வேற யாரும் கண்ணு வைக்கக் கூடாது,” என்றாள். கதவு உள்ள அறை. பிள்ளைகளைவிட அவள் முகத்தில்தான் அன்றைக்குக் குதூகலம் அதிகம்.

திட்டத்தில் சேர வீடு வாங்குவோருக்கான பயிற்சி வகுப்பு ஒன்று உண்டு. ஒரு நாள் முழுக்க உட்கார்ந்து, தவணை தவறினால் என்ன ஆகும், கூரை ஒழுகினால் யாரைக் கூப்பிட வேண்டும் என்றெல்லாம் கேட்டுச் சான்றிதழ் வாங்கி வந்தார்கள் புருஷனும் பெண்டாட்டியும். போகும்போது அவன் சட்டைக்கு இஸ்திரி போட்டுக் கொடுத்தது யார் என்று நான் சொல்லித்தான் தெரிய வேண்டுமா?

பிறகு வீட்டு வசதி ஆபீஸில் ஆறாம் கவுன்ட்டர். அவனுக்கு முன்னால் நின்ற ஒரு மனிதரை அங்கிருந்த அம்மாள் திருப்பி அனுப்பிக்கொண்டிருந்தார். அந்த வீட்டில் வசிக்கிற பெரியவர்கள் எல்லோருடைய சம்பளத்தையும் கூட்டுவார்களாம். மகன் சம்பளத்தையும் சேர்த்தால் திட்டத்தின் வருமான வரம்பைத் தாண்டுகிறதாம். அந்த மனிதர் வாயைத் திறந்தபடியே நகர்ந்து போனார். மேல்மாடி நின்ற இடத்திலேயே மனசுக்குள் கூட்டிப் பார்த்தான். தன்னுடையது, மனைவியுடையது, அக்காவுடையது. தாண்டியது. கொஞ்சம்தான், ஆனாலும் தாண்டியது.

“வீட்ல எத்தன பேர்?”

“நாலு பேர் மேடம்.”

யோசித்துச் சொல்லவில்லை, நாக்கு முந்திக்கொண்டது என்று பிற்பாடு மனைவியிடம் சொன்னான். அவள் அவனைப் பார்த்த பார்வையில் அவனுக்கே கூசியது. “உங்க அக்காகிட்ட நீங்களே சொல்லிடுங்க. என் வாயால வராது,” என்றாள். சொல்கிறேன், சொல்கிறேன் என்று மூன்று வாரம் ஓட்டினான்.

இப்போது குடியிருக்கும் வீட்டைச் சரிபார்க்க அலுவலர் வருவார் என்று கடிதம் வந்தது. சனிக்கிழமை பதினொரு மணி. அக்கா வேலையில் இருக்கும் நேரம் பார்த்து அவனே கேட்டு வாங்கிய நேரம். பாவி மனுஷனுக்கு மின்சாரமே துரோகம் செய்தது. தையல் பிரிவில் கரண்ட் போய், எல்லோரையும் வீட்டுக்கு அனுப்பிவிட்டார்கள். அலுவலர் நாற்காலியில் உட்கார்ந்து படிவத்தைப் புரட்டிக்கொண்டிருந்தபோது, கதவு வெளியிலிருந்து சாவி போட்டுத் திறந்தது.

“இவங்க யாரு?” என்றார் அலுவலர்.

“விருந்தாளி சார். தூரத்துச் சொந்தம்.”

அக்கா வாசலில் அப்படியே நின்றாள். தம்பியைப் பார்த்தாள், மேஜை மேலிருந்த படிவத்தைப் பார்த்தாள். கையிலிருந்த சாவியைச் சத்தமில்லாமல் பைக்குள் போட்டாள்.

“ஆமா சார். இந்தப் பக்கம் வந்தேன், அப்படியே பாத்துட்டுப் போலாம்னு,” என்றாள். செருப்பைக் கழற்றி ஓரமாக வைத்துவிட்டு, அவன் மனைவியிடம் கேட்டாள்: “கை கழுவணும்மா. குழாய் எந்தப் பக்கம்?”

சின்னவளுக்கு ஐந்து வயது. விழுந்து விழுந்து சிரித்தாள். “அத்தை விளையாடறாங்க! அத்தைக்குக் குழாய் தெரியாதாம்!”

அக்கா கை கழுவிவிட்டு வந்து நாற்காலியின் நுனியில் உட்கார்ந்தாள். டீ வந்ததும், “எதுக்குங்க உங்களுக்குச் சிரமம்,” என்றாள். அவன் மனைவி சமையலறைக்குள் போனவள்தான், அலுவலர் கிளம்பும் வரை வெளியே வரவில்லை. அவனுக்கு நாக்கைப் பிடுங்கிக்கொள்ளலாம் போல இருந்தது. பிடுங்கிக்கொள்ளவில்லை. அலுவலர் கேட்ட இடத்தில் எல்லாம் கையெழுத்துப் போட்டான்.

அலுவலர் ஒன்றும் முட்டாள் இல்லை. எழுந்திருக்கும்போது, “பாப்பா அத்தைன்னு சொல்லுது, அதான் கேக்கறேன். இந்தம்மா வேற இடத்துல இருக்காங்கன்னு ஒரு கடிதமும் முகவரிச் சான்றும் குடுத்துடுங்க. இல்லன்னா ஃபைல் நின்னுடும்,” என்று சொல்லி ஒரு தாளை மேஜை மேல் வைத்துவிட்டுப் போனார்.

கதவு சாத்தியதும், “அக்கா, வரம்பு தாண்டுதுக்கா, அதனாலதான்...” என்று மென்று விழுங்கினான்.

“எவ்வளவு தாண்டுது?”

சொன்னான்.

“என் சம்பளம் ஒரு வீட்டையே தடுக்கற அளவுக்குப் பெரிசுன்னு எனக்கே இத்தன நாளாத் தெரியாம போச்சேடா,” என்று சிரித்தாள். பிறகு மொட்டை மாடிக்குப் போய்க் காய்ந்த துணிகளை எடுத்து வந்து மடித்தாள். அவள் இரண்டு அறை அறைந்திருந்தால் அவனுக்குத் தேவலையாக இருந்திருக்கும். ஞாயிற்றுக்கிழமை எங்கேயோ வெளியில் போனாள், சாயங்காலம்தான் வந்தாள். எங்கே போனாய் என்று கேட்க அவனுக்கு வாய் வரவில்லை. அவள் முகத்தைப் பார்த்துச் சாப்பிடவும் முடியவில்லை.

திங்கட்கிழமை அரை நாள் லீவு போட்டான். மனசார முடிவு செய்துவிட்டுத்தான் கிளம்பினான், அதை நான் ஒப்புக்கொள்கிறேன். வீடு போனால் போகட்டும். மேடம், நான் பொய் சொல்லிட்டேன், நாங்க அஞ்சு பேர், அவங்க என் கூடப் பிறந்த அக்கா. பஸ்ஸில் அந்த வாக்கியத்தைச் சொல்லிச் சொல்லிப் பார்த்ததில் பக்கத்தில் உட்கார்ந்திருந்தவர் எழுந்து வேறு சீட்டுக்குப் போய்விட்டார்.

ஆறாம் கவுன்ட்டர் அம்மாள் அவன் நம்பரைப் பார்த்ததுமே தலையை ஆட்டினார். “உங்க ஃபைல்தானே? முடிஞ்சுதே. அந்தம்மா காலைல கதவத் திறக்கறப்பவே வந்து நின்னாங்க.”

அவன் பக்கமாக ஃபைலைத் திருப்பிக் காட்டினார். ஆஸ்பத்திரிக்குப் பக்கத்துப் பெண்கள் விடுதியின் ரசீது, படுக்கை எண் பதினெட்டு, நேற்றைய தேதி. அதன் கீழே ஒரு கடிதம். ‘நான் மேற்படி வீட்டில் வசிக்கவில்லை. இனியும் வசிக்க மாட்டேன்.’ உறவுமுறை என்ற இடத்தில், அலுவலரிடம் அவன் சொன்னதையே அவள் எழுதியிருந்தாள். அவனுடைய பள்ளிக்கூட விண்ணப்பங்களை எல்லாம் நிரப்பிய அதே குண்டு குண்டான எழுத்து.

அந்த இரண்டு வரியையும் அவன் மறுபடி படித்தான். கவுன்ட்டர் பலகையைப் பிடித்துக்கொண்டான். இப்போது உண்மையைச் சொன்னால் அக்காவும் பொய் எழுதிக் கொடுத்தவளாகிவிடுவாளே என்று ஒரு யோசனை வந்தது. நல்ல யோசனைதான், அது எந்த நேரத்தில் வந்தது என்பதைத்தான் பார்க்க வேண்டும். பின்னால் வரிசை நெருக்கியது.

“எல்லாந்தான் சரியா இருக்கே. அப்புறம் நீங்க எதுக்கு வந்தீங்க?” என்று கேட்டார் அந்த அம்மாள்.

“அப்ரூவல் எப்ப வரும்னு கேக்கத்தான் மேடம் வந்தேன்,” என்றான்.