நூற்றில் நான்கு திரும்பும்

"மாலை போடுற படமா, போடாத படமா?"

சட்டம் அடிக்கப் படம் கொண்டுவரும் எவரிடமும் இலட்சுமிப்பிள்ளை முதலில் கேட்பது இதைத்தான். மாலை போடுகிற படம் என்றால் மேல்விளிம்பில் இரண்டு சின்னக் கொளுக்கிகள் திருகுவார். அது இறந்தவர்களுக்கு. கூட்டிக்கொண்டு போகப்பட்டுத் திரும்பி வராதவர்களின் படத்தோடு வரும் பெண்கள் இந்தக் கேள்விக்கு நிலத்தைப் பார்ப்பார்கள். இரண்டாந்தரம் கேட்கமாட்டார். கொளுக்கி இல்லாமலே அடித்துக் கொடுப்பார்.

பெரியகல்லாற்றில் பிரதான வீதியோரம் தகரக் கூரைபோட்ட கண்ணாடிக் கடை அவருடையது. வயது ஐம்பத்துமூன்று. தனியாக வாழும் பெண். வெட்டு உருளையை மண்ணெண்ணெயில் தோய்த்து, அடிமட்டத்தை அழுத்திப் பிடித்து ஒரே இழுவை இழுப்பார். மறுபடி இழுத்தால் கண்ணாடி கோணலாக உடையும். மேசை விளிம்பில் ஒரு தட்டுத் தட்டினால் பிசிறில்லாமல் இரண்டாகும்.

பகல் இரண்டு மணிக்கு வாவிப் பக்கத்து வெயில் கடைக்குள் சரியும்போது சோற்றுப் பொதியை அவிழ்ப்பார். எதிரே வாசலில் நிறுத்திய பெரிய கண்ணாடிக்கு ஊடாக வாவி தெரியும். அதன்மேல் மங்கலாகத் தன் முகமும் தெரியும். அந்த முகத்தைப் பார்த்துக்கொண்டே சாப்பிடுவார். பக்கத்துத் தேத்தண்ணிக் கடைக் கோகுலராஜ் இந்த நேரம் பார்த்து எட்டிப் பார்ப்பான்.

"என்னக்கா, இண்டைக்கு எத்தின துகள் திரும்பி வந்த?"

"உன்ட மண்டையில பட்டதெல்லாம் திரும்பிற்று. உள்ளுக்கு ஒண்டும் போகல்ல."

கேலிக்கு அடியில் உண்மையான கேள்வி ஒன்று கிடக்கிறது. கண்ணாடியின் ஒரு முகத்தில் நூறு ஒளித்துகள்கள் பட்டால் ஏறக்குறைய நான்கு திரும்பிவிடும். மற்றவை ஊடுருவிப் போகும். நூறும் ஒரே மாதிரி. திரும்பும் நான்கைத் தெரிவுசெய்வது எது? தற்செயல், அதற்குமேல் காரணம் இல்லை என்கிறது பெரும்பான்மைப் பௌதிகம். இலட்சுமிப்பிள்ளை இதை ஒத்துக்கொள்வதில்லை.

"தெரியாது எண்டு சொல்லட்டும், கேக்கிறன். காரணமே இல்ல எண்டு எப்பிடிச் சொல்லுற?"

அவர் மட்டுமல்ல, ஏறக்குறைய நூறு வருடங்களாக ஒரு சிறு கூட்டம் அறிஞர்களும் இப்படித்தான் பிடிவாதம் பிடிக்கிறார்கள். துகளுக்கு ஓர் அலை வழிகாட்டுகிறது, துகள் எங்கே நின்று புறப்பட்டது என்பதிலேயே அது திரும்புமா போகுமா என்பது முடிவாகிவிடுகிறது என்பது அவர்கள் கட்சி. இலத்திரனுக்கு நன்றாகப் பொருந்தும் இந்தக் கணக்கு ஒளிக்கு இன்னும் முழுதாகப் பிடிபடவில்லை. புறப்பட்ட இடத்தை நாம் ஒருபோதும் துல்லியமாக அறிய முடியாது என்றும் அதே கொள்கை சொல்கிறது. காரணம் உண்டு, கைக்கு எட்டாது. இதைப் பற்றி அவர் வாங்கி வைத்திருக்கும் புத்தகங்களில் ஓரமெல்லாம் பென்சில் குறிப்புகள். இதைச் சொல்லும் பக்கத்தின் ஓரம் மட்டும் வெறுமையாகக் கிடக்கிறது.

இதையெல்லாம் பேச ஊரில் ஆளில்லை. ஒருதரம் பல்கலைக்கழக விரிவுரையாளர் ஒருவருக்கு ஒன்பது பக்கம் எழுதினார். மூன்று வரியில் பதில் வந்தது: நல்ல கேள்வி, ஆனால் ஆய்வுகூடத்தில் எந்த வித்தியாசமும் காட்டாது. அந்த மூன்று வரிக்கும் சட்டம் அடித்துச் சுவரில் மாட்டியிருக்கிறார். கொளுக்கி இல்லாத சட்டம்.

தொண்ணூறாம் ஆண்டு அவர் உயர்தர வகுப்பு மாணவி. ஒருநாள் இராணுவச் சுற்றிவளைப்பில் ஊர் ஆண்கள் எழுபது பேரை வெயிலில் வரிசையாக நிறுத்தினார்கள். ஆட்களைக் காட்டிக்கொடுக்க முகம் மூடிய தலையாட்டி ஒருவன் ஒவ்வொருவர் முன்னாலும் வந்து நின்றான். மூன்று பேருக்குத் தலையாட்டினான். மூன்றாமவர் அண்ணன் நல்லரத்தினம். கூட்டிக்கொண்டு போனவர்கள் திருப்பி அனுப்பவில்லை. எழுபதில் மூன்று என்றால் ஏறக்குறைய நூற்றுக்கு நான்குதான் வருகிறது. அந்த ஒற்றுமை மட்டும் சும்மா தற்செயல் என்று இலட்சுமிப்பிள்ளையே சிரிப்பார். சாத்திரக்காரி மாதிரி அதில் அர்த்தம் தேடுகிறவர் அல்ல. ஒளியின் காரணத்தை ஒளித்து வைத்திருப்பது இயற்கை. நல்லரத்தினத்தின் காரணம் தெரிந்தவர்களுக்குக் கை இருந்தது, பேனா இருந்தது, மாதச் சம்பளமும் இருந்தது. இன்றுவரை ஒருவரும் எழுதித் தரவில்லை.

அண்ணனின் படம் சட்டம் அடித்து, கண்ணாடி போட்டு, துணியில் சுற்றி மேசை இலாச்சிக்குள் இருக்கிறது. அதற்கான இரண்டு பித்தளைக் கொளுக்கிகள் பக்கத்தில் ஒரு தீப்பெட்டிக்குள்.

போன வெள்ளிக்கிழமை கிராம சேவையாளர் சிவானுஜா ஒரு படிவத்தோடு வந்தாள். மரணத்தைப் பதிவதற்கு உறவினர் கையெழுத்து வேண்டும். அன்றுதான் கடைசி நாள்.

"முப்பத்தஞ்சு வரிசமாச்சு அக்கா. இதில ஒரு கையெழுத்து வெச்சீங்க எண்டா பைல் முடிஞ்சிரும்."

"ஆருக்கு முடியும் மகள்?"

சிவானுஜா படிவத்தை நீட்டினாள். இலட்சுமிப்பிள்ளை மூக்குக்கண்ணாடியை மாட்டிக்கொண்டு வரி வரியாக வாசித்தார். காரணம் என்ற கட்டத்துக்குள் 'தற்செயல்' என்று அச்சடித்திருந்தது. விரல் அங்கே நின்றது.

"இது ஆர் எழுதின?"

"எல்லாத்திலயும் அப்பிடித்தான் அடிச்சு வந்திரிக்கு. நான் எழுதல்லக்கா."

"நீ எழுதல்ல, தெரியும். அவர் செத்திற்றார் எண்டு சொல்ல எனக்குப் பயமில்ல மகள். கொளுக்கி ரெண்டும் எடுத்துத்தான் வெச்சிரிக்கன். எழுவது பேர் நிண்ட. என்ட அண்ணனுக்கு ஏன் தலையாட்டின? சும்மாவா ஆட்டின?"

தேத்தண்ணியோடு வந்த கோகுலராஜ் கோப்பையை மேசையில் வைத்துவிட்டு வாசலில் நின்றான்.

"கையெழுத்து இல்லாட்டி இந்தப் படிவம் திருப்பி எப்ப வரும் எண்டு தெரியாதக்கா. நாளைக்கு பைல மூடிருவாங்க."

"மூடட்டும். அந்த இடத்தில என்ன வரவேணும் எண்டு கேட்டு எழுதிக்கொண்டு வா. அண்டைக்கு வெக்கிறன்."

படிவத்தை வெட்டுமேசையில் விரித்தார். படத்துக்கு உள்மட்டை வெட்டுகிற பிளேட்டை எடுத்தார். அடிமட்டத்தை அந்தச் சொல்லின் மேல்விளிம்பில் வைத்து ஒரே இழுவை. கீழே ஒன்று. பக்கத்துக்கு ஒன்றாக இரண்டு. படிவத்தில் மூலை பிசகாத சின்னச் சாளரம் ஒன்று விழுந்தது. அதற்குள்ளால் மேசைப் பலகை தெரிந்தது. வெட்டியெடுத்த துண்டை நகத்தால் கிளப்பி, கண்ணாடிச் சில்லுகள் கிடந்த தகரத்துக்குள் போட்டுவிட்டு, தாளின் ஓரத்தில் தூசு ஊதி, சிவானுஜாவிடம் இரண்டு கையாலும் நீட்டினார்.