சக்திவேல் வில்லுக்கு ஓர் அம்பு

சடையன் துரைக்கண்ணுவுக்குப் பன்னிரண்டாயிரம் ரூபாய் தர வேண்டியிருந்தது. வேன் எஞ்சின் படுத்துப்போய், வண்டி போளூர் ஒர்க்‌ஷாப்பில் கிடந்தபோது கைமாற்றாக வாங்கிய பணம். புளி விற்றதும் தருகிறேன் என்றார். புளியும் விற்றது, பணமும் பீரோவுக்கு வந்து சேர்ந்தது. கொடுக்கத்தான் கை எழவில்லை. கேட்காத ஆளிடம் போய் எதற்கு நீட்ட வேண்டும் என்று இருந்துவிட்டார்.

அத்திக்கொல்லையில் சடையனைத் தெரியாதவர் கிடையாது. தெரியாமல் யாராவது வந்தால் அவரே சொல்லித் தெரியவைத்துவிடுவார். மூணாங்கிளாஸோடு பள்ளிக்கூடத்தை விட்டவர். தலையில் புளி மூட்டையோடு மலை இறங்கி, வெறுங்காலோடு மலை ஏறியவர். இன்றைக்குச் சொந்த வேன், தளம் போட்ட வீடு, ரோட்டோரத்தில் ஒரு காணி நிலம். யார் கொடுத்தது? எல்லாம் இந்த இரண்டு கை சம்பாதித்தது. இதைச் சொல்லும்போது இரண்டு கையையும் தூக்கிக் காட்டாமல் விடமாட்டார்.

அம்பு விஷயம் வந்துவிட்டால் பேச்சு இன்னும் ஒரு படி ஏறும்.

"இந்த மலையிலயே அம்பு பாக்கத் தெரிஞ்ச கண்ணு ரெண்டுதான். அந்த ரெண்டும் என் மூஞ்சிலதான் கீது" என்பார்.

அது வெறும் வாய்ப்பேச்சும் இல்லை. வேட்டையெல்லாம் நின்று எவ்வளவோ காலமாகிவிட்டது, காட்டிலாகா விடாது. ஆனாலும் மாசியில் காளிக்குப் பொங்கல் வைக்கும் அன்று, கோயில் கொல்லையில் ஒரு வாழைத்தண்டை நட்டு, வீட்டுக்கு ஒரு ஆள் அம்பு விடுவது ஊர் வழக்கம். அதற்கு வில்லுக்கும் ஆளுக்கும் ஏற்ற அம்பு பார்த்துக் கொடுக்கச் சொல்லி மாசி பிறந்ததுமே சடையன் வாசலுக்கு ஆட்கள் வரத் தொடங்கிவிடுவார்கள்.

இந்த மாசியில் துரைக்கண்ணு வந்தார். கையில் ஒரு வில் இருந்தது, பழைய லுங்கியில் சுற்றி வைத்திருந்தார்.

வில் அவர் மகன் சக்திவேலுடையது. போர்வெல் லாரியில் வேலைக்குப் போன பையன் ஐப்பசியில் பிணமாகத்தான் மலையேறினான். அந்த மூங்கில் வில்லை அவனே சீவிச் செய்திருந்தான். நெஞ்சு உயரம்தான் இருக்கும். அவன் கை பிடித்த இடம் வியர்வை ஏறிக் கறுத்திருந்தது.

சாவு விழுந்த வீட்டுக்குக் கோயில் கொல்லையில் தனி முறை உண்டு. செத்தவன் வில்லை அவனுடைய ரத்த சொந்தம் ஒன்று எடுத்து அம்பு விட வேண்டும். ஒரே அம்பு. அது தண்டில் குத்தி நின்றால் வில் அந்த வீட்டிலேயே இருக்கலாம். தவறினால், வில்லும் அவனோடு போக ஆசைப்படுகிறது என்று சொல்லிப் பொங்கல் அடுப்பில் வைத்துவிடுவார்கள்.

"மச்சான், அவன் செல்லு ஒடஞ்சி போச்சி. போட்டோ கூட ஆதார் கார்டுல கீறதுதான். இது ஒண்ணுதான் அவன் கையால செஞ்சது. இது வூட்ல நிக்கணும்" என்றார் துரைக்கண்ணு.

"இன்னா மச்சான், எங்கிட்ட வந்துட்ட இல்ல? அப்பறம் இன்னா பயம்?" என்றார் சடையன். அதோடு நிறுத்தியிருக்கலாம். வாய் நிற்கவில்லை. "என் அம்பு தண்டுல குத்தி நின்னுச்சின்னா நம்ம பன்னெண்டாயிரம் அதோட தீந்துது. இன்னா சொல்ற?"

உள்ளே முறத்தில் சாமை புடைத்துக்கொண்டிருந்த அவர் மனைவி அம்சவல்லியின் கை நின்றது.

துரைக்கண்ணு வில்லை அவர் கையில் கொடுத்தார். "காசு கெடக்குது மச்சான். நீ சொல்றாப்புலயே வச்சிக்க. வில்லு நிக்கணும், அவ்ளோதான்."

அவர் போனதும் அம்சவல்லி வாசலுக்கு வந்தாள். "புள்ளய வாரிக் குடுத்த மனுசங்கிட்ட பேரம் பேசற. உன் வாய்ல கரையான் புடிக்க."

"போடி. தொழில்னா கூலி உண்டு."

மறுநாள் பரணிலிருந்து கல்மூங்கில் குச்சிக் கட்டு ஒன்றை இறக்கினார். ஒவ்வொரு குச்சியையும் உள்ளங்கையில் உருட்டிப் பார்த்து, கோணலைக் கழித்தார். மிஞ்சியதைக் கல்லில் ஊன்றி அழுத்தி, எவ்வளவு வளைகிறது என்று பார்த்தார். அவர் சூட்சுமமே இந்த வளைவில்தான் இருக்கிறது. நாண் தள்ளும்போது குச்சி ஓர் அளவுக்கு வளைந்து, வில்லை உரசாமல் சுற்றிக்கொண்டு போக வேண்டும். விறைப்பான குச்சி வில்லில் மோதி இடது பக்கம் ஓடிவிடும். துவளும் குச்சி வலது பக்கம் போகும். வில் எவ்வளவு குட்டையோ அவ்வளவுக்கு இந்தக் குற்றம் பெரிதாகத் தெரியும்.

நல்லதாக மூன்றைப் பொறுக்கித் தணலில் வாட்டி நிமிர்த்தினார். இரும்பு முனை ஏற்றினார். இறகு கட்டினால் அது குச்சியின் குறையை மூடிவிடும் என்பதால், முதலில் இறகில்லாமலே வைக்கோல் போரில் விட்டுப் பார்த்தார். ஒன்று வாலை ஆட்டிக்கொண்டு போனது. ஒன்று சாய்ந்து குத்தியது. மூன்றாவது கொஞ்சம் இடப்பக்கம் இழுத்தது. அதைக் கண்ணாடிச் சில்லால் மெல்லச் சுரண்டிச் சுரண்டி விட்டார். சாயங்காலத்துக்குள் அது நூல் பிடித்த மாதிரி போய்க் குத்தி நின்றது. சேவலின் ஒரே பக்கத்துச் சிறகிலிருந்து மூன்று இறகு எடுத்துப் பிசின் வைத்துக் கட்டினார்.

"துரைக்கண்ணு அண்ணனக் கூப்ட்டு ஒருக்கா இழுத்துப் பாக்கச் சொல்லலியா? எல்லாரையும் இழுக்க வச்சித்தான பாப்ப?" என்றாள் அம்சவல்லி.

வழக்கம் அதுதான். இழுக்கிறவன் கையைப் பார்த்துத்தான் குச்சியைச் சுரண்டுவார். ஆனால் துரைக்கண்ணுவை எதிரில் நிறுத்தி, அந்த முகத்தைப் பார்த்துக்கொண்டு உட்கார அவருக்குத் தைரியம் வரவில்லை. அழுதுவிட்டால் என்ன செய்வது? பேரம் பேசிய வாய் என்ன ஆறுதல் சொல்லும்?

"அவனும் நானும் ஒரே ஒசரம், ஒரே கை. சின்ன வயசுல அவன் வில்ல நான் வுடுவேன், என் வில்ல அவன் வுடுவான். எனக்குத் தெரியாதா அவன் இழுப்பு?" என்று சொல்லி முடித்துவிட்டார்.

பொங்கல் அன்று கோயில் கொல்லையில் ஊர் கூடியிருந்தது. மற்ற வீடுகள் விட்டு முடித்த பிறகு, ஊர்ப்பெரியவர் தீர்த்தகிரி துரைக்கண்ணுவைக் கூப்பிட்டார்.

சடையன் முன்வரிசையில் மார்பை நிமிர்த்தி நின்றார். "பாத்துக்கினே இருங்கடா, அம்பு பேசும்" என்று பக்கத்து ஆட்களிடம் சொன்னார்.

துரைக்கண்ணு மேல்சட்டையைக் கழற்றி வைத்துவிட்டு வந்தார். சடையனுக்குத் திக்கென்றது. கழுத்தெலும்பு இரண்டும் துருத்திக்கொண்டிருந்தன. ஒரு பிடி சதை இல்லை. ஐப்பசிக்குப் பிறகு இந்த மனுஷன் சோறு தின்றாரா இல்லையா? சட்டைக்குள் இருந்ததை இவ்வளவு நாளும் யார் பார்த்தது?

அம்பு நாணில் ஏறியது. ஏறிவிட்டால் கொல்லையில் யாரும் வாய் திறக்கக் கூடாது.

துரைக்கண்ணு இழுத்தார். நாண் கன்னத்துக்கு வர வேண்டும். நெஞ்சைத் தாண்டவே இல்லை. இன்னொரு முறை மூச்சுப் பிடித்து இழுத்துப் பார்த்தார், விரற்கடை கூட நகரவில்லை. பலமில்லாத பாதி இழுப்புக்கு அந்தக் குச்சி வளையாது, விறைப்பு. இன்னும் சுரண்டியிருக்க வேண்டும். இடது பக்கம் போகும். ஊரில் ஒருவருக்கும் தெரியாதது சடையனுக்குத் தெரிந்துவிட்டது. நிறுத்து மச்சான் என்று தொண்டை வரை வந்தது. வழக்கம் ஒரு பக்கம் வாயை அடைத்தது. இத்தனை பேர் முன்னால் தன் அம்பு சரியில்லை என்று தானே சொல்வதா என்பது இன்னொரு பக்கம் அடைத்தது.

நாண் அறுபட்டது போல ஒரு சத்தம். அம்பு தண்டின் இடது ஓரத்துப் பட்டையை உரசிக்கொண்டு அப்பால் போய் மண்ணில் விழுந்தது.

துரைக்கண்ணு வில்லைக் கொஞ்ச நேரம் பிடித்துக்கொண்டே நின்றார். கறுத்த அந்தப் பிடியைப் பெருவிரலால் தடவினார். பிறகு தானே நடந்துபோய் அடுப்பில் வைத்தார். காய்ந்த மூங்கில், சட்டென்று பற்றிக்கொண்டது. கணு ஒவ்வொன்றும் வெடித்தது.

சடையன் பொங்கல் வாங்கவில்லை. நேராக வீட்டுக்குப் போய் பீரோவைத் திறந்தார்.

துரைக்கண்ணு கோயிலிலிருந்து திரும்பி, வாசல் கல்லில் உட்கார்ந்திருந்தார். சடையன் போய் எதிரில் நின்றார். இந்த முறை அந்த முகத்தைப் பார்த்தார்.

"வா மச்சான். உன் அம்பு மேல குத்தம் இல்ல. என் கைதான் இழுக்கல" என்றார் துரைக்கண்ணு.

சரி என்று தலையாட்டியிருந்தால் போதும், பேர் தப்பித்திருக்கும். மலைக்கெல்லாம் தெரிந்த பேர்.

"இல்ல மச்சான்" என்றார் சடையன். "உன் கைய நான் பாக்கவே இல்ல. என் கைய வச்சே பாத்துட்டேன். உன்ன ஒருக்கா கூப்ட்டு இழுக்க வுட்டிருந்தா வில்லு இன்னிக்கு உன் வூட்ல இருந்திருக்கும்."

துரைக்கண்ணு திட்டவில்லை. திட்டியிருந்தால் தேவலை என்றிருந்தது சடையனுக்கு. உள்ளே யாரோ பெண்பிள்ளை மூக்கை உறிஞ்சும் சத்தம் கேட்டது.

"கைய நீட்டு" என்றார் சடையன்.

"காசு இன்னிக்கே எதுக்கு மச்சான்?"

"நீட்டு மச்சான்."

துரைக்கண்ணு கையை விரித்தார். நாண் அறுத்த சிவப்புக் கோடு விரல்களில் இன்னும் இருந்தது. சடையன் பக்கத்தில் குந்தி உட்கார்ந்து, மடியிலிருந்த ஐந்நூறு ரூபாய்த் தாள்களை ஒவ்வொன்றாக, வாய்விட்டு எண்ணி, அந்தக் கையில் வைத்தார்.