வீரப்பன் கீழ்ப்படியாத நாள்

கடல் தாண்டி வந்து, புலாவ் செபாங் பக்கத்து ரப்பர் தோட்டத்தில் எங்களோடு பால்மரம் வெட்டிய, அதாவது பட்டையைக் கீறிப் பால் எடுத்த, வீரப்பனைப் போல் அடக்கமான மனிதரை நான் கண்டதில்லை. யார் எதைச் சொன்னாலும் கைகூப்பி, "ஆகட்டுங்க" என்பார். பழைய காய்ச்சல் ஒன்றில் அவருக்கு இரண்டு காதும் போய்விட்டன. நாங்கள் குடியிருந்த லயத்துக்கெல்லாம் தெரிந்த இந்தச் சங்கதி, பதினோரு வருஷமாக ஆபீசுக்குத் தெரியாது. ஆபீசில் யாரும் அவரிடம் பதிலை எதிர்பார்த்துப் பேசியதில்லையே.

விடியற்காலைப் பெரட்டில் பேர் கூப்பிடும்போது, பின்னால் நிற்கும் மனைவி குஞ்சம்மா முதுகில் ஒரு குத்து விடுவாள். "ஐயா!" என்பார். அதற்குமேல் வேலை தெரிந்த மனிதருக்கு என்ன சொல்ல வேண்டும்?

முப்பத்தொன்றாம் வருஷம் ரப்பர் விலை விழுந்தது. மாதம் ஒரு குடும்பத்தை நாகப்பட்டினம் கப்பலில் ஏற்ற உத்தரவு. ஊரில் வீரப்பனுக்கு ஒண்டிக்கொள்ள ஒரு கூரைகூட இல்லை. பேர் எழுதித் தரும் பொறுப்பு ஆபீஸ் கணக்குப்பிள்ளையான கிராணி பாலகிருஷ்ணனுக்கு. நல்ல மனிதர்தான்; புதிதாக வாங்கிய தடித்த அகராதிதான் அவரைக் கெடுத்தது.

"ஒபேன்னா கீழ்ப்படியறது" என்றார் பெரட்டில். "லேசுப்பட்ட வார்த்தையில்லே. ஒருத்தர் பக்கம் காதைக் குடுத்துக் கேக்கறதுன்னு லத்தீன் பாஷையிலே பொறந்து, பிரான்சு வழியா இங்கிலீசுக்கு வந்திருக்கு. இனிமே ஒபே பண்ணாதவன் பேர் கப்பலுக்கு!"

"அத்தனை சீமை சுத்தியா வந்துச்சு?" என்றாள் வரிசையில் நின்ற பெரியநாயகி. "ஒரு கடல் தாண்டின எங்களுக்கே இடுப்பு ஒடிஞ்சு போச்சு. அதுக்குக் கொஞ்சம் ரெஸ்டு குடுங்கலா, கிராணியாரே!"

"காதைக் குடுன்னேன். வாயை இல்லே."

எல்லோரும் சிரித்தார்கள். குஞ்சம்மா சிரிக்கவில்லை.

மறுவாரம் ஒருநாள், எல்லா மரத்தையும் நாளை வெட்ட வேண்டும் என்று தோட்டத்து வெள்ளைக்காரத் தொரை சொல்லிவிட்டுப் போனார். இரவெல்லாம் மழை. காலையில் கிராணியார், "தொரை சொல்லியாச்சு, வெட்டு!" என்றார். ஈரப்பட்டையில் வெட்டினால் பால் வெட்டிய கோட்டில் ஓடாமல் மரமெங்கும் வழிந்து வீணாகும் என்பது பிள்ளைக்கும் தெரியும். எண்பது பேரும் கீழ்ப்படிந்தோம். நானும் முருகா என்று சொல்லிக்கொண்டு வெட்டினேன்.

வீரப்பன் வழக்கம்போல் முதல் மரத்தில் உள்ளங்கையை வைத்துப் பார்த்தார். ஈரம். கத்தியைத் துணியில் சுற்றிக்கொண்டு உட்கார்ந்துவிட்டார்.

மதியம் தொரை வந்தார். பால் பிடிக்கும் மங்குகளில் கலங்கிய தண்ணீர்தான் கிடந்தது. அவர் முகம் சிவக்குமுன் கிராணியார் முந்திக்கொண்டார்.

"எல்லாரும் ஒபே, தொரே. இவன் ஒருத்தன்தான் வெட்டலே."

தொரைக்குத் தோட்டத்துத் தமிழ் நன்றாக வரும். "ஏன் நீ வெட்டலே?"

"ஆகட்டுங்க" என்றார் வீரப்பன்.

குஞ்சம்மா ஓடிவந்து காலில் விழுந்தாள். "அவருக்குக் காது கேக்காது தொரே! நாந்தான் மறைச்சேன். கப்பலேத்திடாதீங்க, எங்களுக்குப் போக்கிடம் இல்லே!"

"காதே இல்லாதவன் எப்படி ஒபே பண்ணுவான்?" கிராணியார் பென்சிலை எடுத்தார். "எழுதிடவா தொரே?"

மனைவி அழுவதைக் கண்ட வீரப்பனுக்கு, மரத்தைப் பற்றித்தான் ஏதோ தகராறு என்று பட்டிருக்க வேண்டும். சட்டென்று தொரையின் கையைப் பிடித்து, பட்டையில் வைத்து அழுத்தினார். தொரை கையை எடுத்து, விரலில் ஒட்டிய ஈரத்தைப் பார்த்தார்.

"கிராணி, காலையிலே நீ தொட்டுப் பாத்தியா?"

"இல்லே தொரே. நீங்க சொன்னீங்க, நான் கேட்டேன்."

பென்சில் காதுக்குப் பின்னால் திரும்பிப் போனது.

தன் உத்தரவு தப்பு என்று தொரை சொல்வாரா? புது உத்தரவு போட்டார். தினமும் வீரப்பன் மரத்தைத் தொட்டுப் பார்த்துக் கை காட்டிய பிறகே வெட்ட வேண்டும். மறுநாள் பெரட்டில் கிராணியார் அதை உரக்கப் படித்தார். நாங்கள் காது கொடுத்துக் கேட்டோம்.

வீரப்பன் அதற்குள் மரத்தடிக்குப் போய்விட்டிருந்தார்.