வேண்டாம் என்று எழுதியவள்

என் தம்பி பொண்டாட்டி பார்த்த வேலையைச் சொன்னா நீங்க சிரிப்பீங்க. கம்ப்யூட்டர்ல செஞ்ச ஒரு விளம்பரப் பொம்மையோட பேர்ல பதில் எழுதுறது! அதுக்கு எட்டு லட்சம் ரசிகர்கள். கன்னத்துல கிரீமைப் பூசிக்கிட்டு, "மூணு வாரமாப் போடுறேன், தோல் எப்படி ஆயிடுச்சு பாருங்க"ன்னு இளிக்கும். தோலே இல்லாத சனியன்! அதைப் பார்த்து உருகி எழுதுறவங்களுக்கு, நாலாவது மாடியில ஜன்னல் இல்லாத அறையில பன்னிரண்டு பேர் பதில் தட்டுவாங்க. முதல் வரியில "செல்லம்"னு கொஞ்சணும். அடுத்து "எனக்கும் அப்படித்தான் இருந்துச்சு"ன்னு கூடச் சேர்ந்து அழணும். கடைசியில கிரீமை வாங்க வைக்கணும். இதை வெளியில சொல்லக்கூடாதுன்னு கையெழுத்து வேற வாங்கியிருந்தாங்க.

அவ தங்கச்சியும் எங்க வீட்டுலதான் இருக்கா. முகம் பூராப் பரு. போடுற மருந்துல தோல் மெலிஞ்சிருக்கு, வேற எதையாவது பூசினா வெந்து தழும்பாயிடும்னு டாக்டர் படிச்சுப் படிச்சுச் சொல்லியிருந்தார்.

"அந்தக் கிரீம் மட்டும் வேண்டாம்டி"ன்னு இவ ஒரு மாசமாக் கெஞ்சினா.

"நான் அழகாயிட்டா உனக்கு ஏன்க்கா வயித்தெரிச்சல்?"

"அது வெறும் பொம்மைடி!"

"தெரியும். பொம்மைக்குப் பொறாமை கிடையாதுல்ல. அதான் நம்புறேன்."

எனக்கு வந்த ஆத்திரத்துக்கு ரெண்டு அறை விட்டிருப்பேன்.

மறுநாள் ஆபீஸ்ல இவ திரையிலேயே தங்கச்சியோட கேள்வி வந்து விழுந்துச்சு. முகத்தோட படம், மருந்தோட பேர், "நான் போடலாமா?" எல்லாம் இருந்துச்சு. இவ ஆபீஸ் சட்டத்தைத் தூக்கிக் குப்பையில போட்டுட்டு, "செல்லம், இந்த மருந்து போடுறவரைக்கும் என் கிரீமைத் தொடாதே"ன்னு எழுதி அனுப்பிட்டா.

சாயங்காலம் தங்கச்சி குதிச்சுக்கிட்டு வந்தா. "பார்த்தியாக்கா, அவளே வேண்டாம்னுட்டா! என்ன நல்ல மனசு!" அந்தப் பதிலை ஊருக்கெல்லாம் அனுப்பியும் வச்சா. தன் பொருளையே வேண்டாம்னு சொல்றவளை நம்பாம வேற யாரை நம்புறதுன்னு கூட்டம் உருகி வழிஞ்சுது. ஒரே வாரத்துல கடையில கிரீம் இல்லை. எங்க போய் முட்டிக்கிறது?

வேலை போச்சுன்னு பயந்துக்கிட்டுதான் மேலாளர் அறைக்குள்ள போனா. அந்த மகானுபாவன் எழுந்து நின்னு கையைத் தட்டினானாம். "பிரமாதம்! இனிமே நூறு பேர்ல ஒருத்தருக்கு வேண்டாம்னு சொல்லுவோம்." அப்புறம் இவ எழுதின பதிலையெல்லாம் ஒரு மிஷினுக்குப் புகட்டினாங்க. அது எழுதக் கத்துக்கிட்டதும் பன்னிரண்டு பேரையும் வீட்டுக்கு அனுப்பிட்டாங்க.

ரெண்டு மாசம் கழிச்சு தங்கச்சி மறுபடியும் பொம்மைகிட்ட கேட்டா. "பொறுமையா இருந்தியே செல்லம், இப்ப உன் தோல் தயார்"னு பதில் வந்துச்சு. மருந்து அப்பவும் நிக்கலை. அவ டப்பாவைத் திறக்கும்போது இவ கத்தினா: "முதல்ல வேண்டாம்னு எழுதினது நான்தான்டி! இது மிஷின்!"

தங்கச்சி விழுந்து விழுந்து சிரிச்சா. "உனக்கு அவ்வளவு அன்பா எழுத வருமாக்கா?" நாங்க பிடுங்குறதுக்குள்ள கதவைச் சாத்திக்கிட்டா.

மூணாம் நாள் ரெண்டு கன்னமும் வெந்து கொப்பளிச்சுது. தழும்பு போகாதுன்னு டாக்டர் கையை விரிச்சுட்டார்.

வீட்டுக்கு வந்து இவதான் பஞ்சால மருந்து ஒத்தினா. தங்கச்சி போன்ல அந்த ரெண்டு பதிலையும் மாத்தி மாத்திப் பார்த்துட்டு, "வேண்டாம்னு எழுதினது நிஜமாவே நீதானாக்கா?"ன்னு கேட்டா.

இப்பவாவது நம்பினாளேன்னு இவ முகம் மலர்ந்துச்சு. "ஆமாடி, நானேதான்."

"ரெண்டு பதிலும் ஒரே மாதிரி இருக்கு. அப்ப போட்டுக்கோன்னு எழுதினதும் நீதானே? ஏன்க்கா அப்படி எழுதினே?"