காரிப் என்ற பெயர்

எங்களிடம் பனியன் வாங்கும் அயர்லாந்து கம்பெனியிலிருந்து வந்திருந்த பையர் அம்மாவை பேக்கிங் பகுதிக்கு அழைத்துப் போகும்போது லிஃப்ட் இரண்டு மாடிகளுக்கு நடுவே நின்றுவிட்டது. திருப்பூரில் நான் ஆர்டர்களைக் கவனிக்கும் மெர்ச்சண்டைசராக வேலை பார்க்கும் கம்பெனியின் சரக்கு லிஃப்ட் அது. எங்கள் இருவரோடு ஒரு தள்ளுவண்டி நிறைய நீல பனியன்கள்.

"கரண்டு போயிருச்சுங்க மேடம். ஜெனரேட்டரும் எடுக்க மாட்டேங்குது. எலக்ட்ரீசியன் வந்துட்டிருக்காருங்க," என்று வெளியிலிருந்து லிஃப்ட் ஆபரேட்டர் குரல் கொடுத்தார்.

மூடிய இடமென்றாலே எனக்கு மூச்சு முட்டும். பையர் அம்மா அதைக் கவனித்திருக்க வேண்டும். "ஏதாவது பேசு," என்றார் ஆங்கிலத்தில். பனியன்மேல் அச்சிட்டிருந்த 'காரிப்' என்ற சொல்லைக் காட்டி, அப்படியென்றால் என்ன என்று கேட்டேன். மாதக்கணக்கில் அந்த எழுத்துகளின் நிறத்தைச் சரிபார்த்திருந்தும் அதுவரை கேட்டதில்லை.

அது அவர் ஊருக்குள் ஓடும் ஆறாம். படகுப் போட்டிக்காரர்களுக்கான பனியன்கள் அவை.

"எங்கள் அப்பாவிடம் காரிப் என்று சொன்னால் ஆறு ஞாபகத்துக்கு வராது," என்றார். வடக்கே கடலுக்கடியில் இருக்கும் எரிவாயு வயலுக்கும் அதே பெயர். அவருடைய அப்பாவின் கிராமத்து வழியாகத்தான் அங்கிருந்து குழாய் வந்தது. அப்பா அந்தக் குழாய் வேலைக்கே சேர்ந்தார். அவருடைய தம்பியோ குழாய் வேண்டாமென்று ரோட்டில் உட்கார்ந்தார். அதோடு அண்ணன் தம்பி பேச்சு நின்றுபோனது.

என் சொந்த ஊரான குண்டடத்தில் எங்கள் தோட்டத்திலும் கேஸ் குழாய் பதித்தார்கள். அப்பா சம்மதித்தார், சித்தப்பா மறுத்தார். இரண்டு வீட்டுக்கும் பொதுவாக இருந்த ஒரே வாசலுக்குக் குறுக்கே சுவர் எழும்பியது. அதைச் சொன்னேன்.

"சித்தப்பாவைப் போய்ப் பார்ப்பாயா?"

"இல்லை. அப்பா வருத்தப்படுவார்."

"நானும் அப்படித்தான் சொல்லிக்கொண்டிருந்தேன். போன குளிர்காலத்தில் என் சித்தப்பா இறந்துவிட்டார்."

கொஞ்ச நேரத்தில் லிஃப்ட் நகர்ந்தது. அவர் பேக்கிங் வேலையைப் பார்த்துவிட்டு ஊருக்குக் கிளம்பினார்.

அந்த ஞாயிற்றுக்கிழமை குண்டடத்துக்குப் போனேன். அப்பாவுக்குத் தெரியாமல் முதலில் சித்தப்பா வீட்டுக்குள் நுழைந்தேன். "வா கண்ணு," என்று சித்தி டீ கொடுத்தார். சித்தப்பா நிமிர்ந்து பார்த்தார். தலை முழுக்க நரைத்திருந்தது.

"நீ வந்தது உங்கப்பனுக்குத் தெரியுமா?"

"தெரியாதுங்க சித்தப்பா."

"அப்ப எனக்கும் தெரியாது," என்று எழுந்து மாட்டுக் கொட்டகைக்குப் போய்விட்டார்.

டீயைக் குடித்துவிட்டுக் கிளம்பலாமென்று கதவருகே வந்தேன். அப்பா எங்கள் வீட்டு வெளிக்கேட்டில் யாரோடோ பேசிக்கொண்டு நின்றிருந்தார். அவர் உள்ளே போகிறவரைக்கும் கதவுக்குப் பின்னாலேயே நின்றிருந்தேன்.