வண்டுக்கு வைத்த விளக்கு

முதல் கோடை மழைக்கு ஊரெல்லாம் சந்தோஷப்படும். கொல்லங்கோட்டுக்குத் தெற்கே, மலையடிவாரத்தில் ரப்பர் தோட்டத்தை ஒட்டி வீடு கட்டியவர்கள் மட்டும் பல்லைக் கடிப்பார்கள். அம்மாவின் வீடு அப்படிப்பட்டது. மழை நின்ற மறுநாளே, உதிர்ந்த இலைகளுக்கு அடியில் கிடந்த கருவண்டு அத்தனையும் சாயங்காலக் கருக்கலில் வெளிச்சத்தைத் தேடிக் கிளம்பிவிடும். கடிக்காது. ஆனால் நசுங்கினால் ஒரு நாற்றம் வரும் பாருங்கள், சோறு இறங்காது. அந்த நீர் பட்ட இடத்தில் தோல் எரியும். ஓட்டிடுக்கில் புகுந்துவிட்டால் மாதக்கணக்கில் அங்கேதான் குடித்தனம்.

இந்தக் கூத்துக்கு நடுவில்தான் நான் தலைப்பிரசவம் முடிந்து பச்சை உடம்போடு அங்கே கிடந்தேன். அப்பா இல்லாத வீடு. அம்மா, நான், தொட்டிலில் என் பிள்ளை.

மருந்து வாங்கி அடித்துவிடலாமே என்று கேட்டதற்கு அம்மா பார்த்த பார்வை இருக்கிறதே! "பச்சப் புள்ளை மூச்சு உடற ஊட்டுக்குள்ள வெசத்தை அடிக்கச் சொல்றயா? நீயெல்லாம் படிச்சவளா?"

அம்மாவுக்குத் தெரிந்த வழி வேறு. பொழுது சாய்வதற்குள் கதவு, ஜன்னல் எல்லாம் சாத்தி, இடுக்குகளில் பழைய சேலையைத் திணிப்பாள். வீட்டுக்குள் ஒரு பொட்டு வெளிச்சம் கூடாது. முற்றத்துக் கடைசியில் கொய்யா மரத்தில் ஒரு பல்பைத் தொங்கவிட்டு, அடியில் அகலமான பாத்திரத்தில் சோப்புத் தண்ணீர் வைப்பாள். வண்டெல்லாம் அங்கே போய் மோதித் தண்ணீரில் விழும். காலையில் குழி தோண்டிப் புதைப்பாள். பொய் சொல்லக் கூடாது, வீட்டுக்குள் வந்தவை மிகக் குறைவு.

ஆனால் அந்த இருட்டு! மின்விசிறி அனலைத்தான் சுற்றி அடித்தது. பிள்ளைக்கு வேர்க்குரு, ஓயாத அழுகை. முகம் தெரியாமல், தடவித் தடவிப் பால் கொடுத்தேன். பகலில் வெளியே வரலாம்தானே என்கிறீர்களா? பகலில் பச்சை உடம்புக்கு வெயில் ஆகாது. கருக்கலில் காற்று ஆகாது. இதெல்லாம் அம்மாவின் சட்டம். "ஜெயில்லகூட லைட் எரியும்" என்று ஒருநாள் கத்தினேன். "அப்ப அங்கயே போய்ப் பெத்திருக்கலாமே" என்றாள் அம்மா, பூண்டு உரித்துக்கொண்டே.

போர்வைக்குள் தலையை விட்டுக் கோயமுத்தூரில் இருக்கும் என் வீட்டுக்காரருக்குப் போன் போட்டேன். "ஏனுங்க, வந்து கூட்டிட்டுப் போயிருங்க. இல்லீன்னா எனக்குப் பைத்தியம் புடிச்சிரும்." ஞாயிற்றுக்கிழமை மத்தியானம் காரோடு வருவதாகச் சொன்னார். அம்மா முகத்தைத் தூக்கி வைத்துக்கொண்டாலும் பிரசவ லேகியத்தை டப்பாவில் அடைத்துக் கொடுத்தாள். பையைக் கட்டிக் காலடியில் வைத்துக்கொண்டு உட்கார்ந்திருந்தேன். அவ்வளவு ஆசை எனக்கு.

பொள்ளாச்சி ரோட்டில் லாரி நெரிசலாம். அவர் வந்து சேர்ந்தபோது இருட்டத் தொடங்கிவிட்டது. கண்ணாடியெல்லாம் இறக்கிவிட்டு, முன்விளக்கு பளீரென்று எரிய, கார் முற்றத்தில் வந்து நின்றது.

"மாப்பிளே, லைட்டை அமத்துங்க! மொதல்ல லைட்டை அமத்துங்க!" அம்மா ஜன்னலுக்குப் பின்னால் நின்று கத்தினாள். அவர் வரவேற்பு என்று நினைத்துக் கையை ஆட்டினார். நான் பிள்ளையோடு இறங்கி வர வழி தெரியட்டும் என்று விளக்கை அணைக்காமலே கதவுகளையும் திறந்து வைத்தார். நல்ல மனசுதான். கொய்யா மரத்து வண்டெல்லாம் பல்பை விட்டுவிட்டுக் காருக்கு வந்தன. சீட்டில், ஸ்டியரிங்கில், பிள்ளைக்கென்று வாங்கி வந்திருந்த குட்டி மெத்தையில், எங்கும் கறுப்பு.

உடனே அவர், எங்கள் வீட்டுக்கு அடிப்பதற்காக வழியில் வாங்கி வைத்திருந்த பூச்சிமருந்தை எடுத்துக் காருக்குள் முழுவதும் அடித்துத் தீர்த்தார். "அஞ்சு நிமிசம் பொறுங்கத்தை, எல்லாம் செத்துரும்."

மாப்பிள்ளையை ஒரு வார்த்தை குறை சொல்லாத அம்மா, என் காதில் மட்டும், "வேலியில போன ஓணானை எடுத்து மடியில உட்டுக்கிட்ட கதை" என்றாள்.

பிள்ளையைத் தோளில் போட்டுக்கொண்டு காருக்குள் தலையை நீட்டினேன். தொண்டை கமறியது, கண்ணில் நீர் கொட்டியது. "ஏசி போட்டாச் சரியாயிரும், ஏறு" என்றார். ஏறிவிடத்தான் கால் துடித்தது. பிள்ளை ஒரு முறை இருமினான்.

"வேண்டாங்க" என்று சொன்னது நான்தான், அம்மா இல்லை. அம்மா சொல்லியிருந்தால் சண்டையாவது போட்டிருப்பேன்.

அன்றைக்கு அவரும் எங்களோடு இருட்டில் உட்கார்ந்து தட்டைத் தடவிச் சாப்பிட்டார். விடிந்ததும் இட்லி சாப்பிட்டார், வேலைக்குப் போக வேண்டுமே. கண்ணாடியையெல்லாம் இறக்கிவிட்டு, "நாத்தம் போகட்டும், அடுத்த வாரம் பாக்கலாம்" என்று கிளம்பிவிட்டார். அம்மாவுக்கு உள்ளூர ஒரே குஷி. "மாப்பிள்ளைக்கு இட்லி பத்துச்சான்னு கேட்டயா, கண்ணு?" என்றாள். நான் கட்டி வைத்த பையை அவிழ்க்கப் போனேன்.

சாயங்காலம் அம்மா பாத்திரத்தை எடுத்தாள். கையிலிருந்து பிடுங்கினேன். "நான் வெக்கறேன்."

"பச்ச ஒடம்புக்காரி கருக்கல்ல வெளிய போறதா? காத்துக் கருப்பு அடிச்சா?"

"அடிக்கட்டும்."

பிள்ளையை அவள் கையில் கொடுத்துவிட்டு வெளியே வந்து, கதவை இழுத்துச் சாத்தினேன். தண்ணீர் நிரப்பி, பல்பைப் போட்டேன். மலைக்காற்று கழுத்தில் பட்டது. அவ்வளவு நாளைக்கப்புறம் காற்று. வண்டுகள் முகத்தில் மோதின, தலைமுடிக்குள் புகுந்தன. கழுத்தில் ஒன்று நசுங்கி எரிந்தது.

உள்ளே பிள்ளை வீறிட்டான். பால் கசிந்து என் ரவிக்கை நனைந்தது. "வெச்சாச்சா? பசிக்குது அவனுக்கு, உள்ள வா சாமி" என்று அம்மா கூப்பிட்டாள்.

"இதோ வர்றேம்மா" என்றேன். சொல்லிவிட்டு, அங்கேயே நின்றுகொண்டிருந்தேன்.